கசப்பு போகும் வரை வாயில் வைக்காதீங்க! - துர்முஸ் கடலை சொல்லும் பாடம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஊறுகாய், வற்றல், சத்துமாவு என்று நமக்குத் தெரிந்த பண்டங்களைப் பற்றித்தான் பேசுவோம். இந்த மாதம் நம்ம ஊரில் விளையாத ஒரு கடலையைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். "நம்ம ஊர்ல இல்லாததைப் பத்தி நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். குவைத், துபாய், மஸ்கட் என்று வேலைக்குப் போய் வரும் அக்கா தங்கைகளின் பெட்டியில் என்னென்னவோ வருகிறது. அதைச் சமைக்கத் தெரியாமல் சமைத்து, எங்கள் குழுவில் ஒரு உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. தப்புப் பண்ணியது வேறு யாருமில்லை, நான்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் குவைத்தில், லெபனான் நாட்டுக் குடும்பம் ஒன்றில் நாலு வருஷம் வீட்டு வேலை பார்த்தாள். ஊருக்கு வந்தபோது குழுக் கூட்டத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டு வந்தாள். உள்ளே உப்புத்தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகத் தட்டையான கொட்டைகள். மொச்சையை விடப் பெரிசு, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம்.

"இது துர்முஸ், சித்தி. தோலோட ஓரத்தை லேசா கடிச்சுட்டு ரெண்டு விரலால அமுக்குங்க. பருப்பு வாய்க்குள்ள குதிக்கும்" என்றாள். அமுக்கினோம், குதித்தது! "அட, நம்ம பிதுக்கம்பருப்பு மாதிரில்ல இருக்கு!" என்று ஒரே சிரிப்பு. பள்ளிக்கூட வாசலில் விற்கும் உப்பு நெல்லிக்காய் போல ஒரு ருசி; ஆனால் புளிப்பில்லை, கடித்தால் கெட்டியாக இருக்கிறது. சந்தா வசூல் முடிவதற்குள் பாட்டில் காலி.

அதே கடலை காய்ந்ததாக ஒரு கிலோ பாக்கெட்டும் கொண்டு வந்திருந்தாள். "நான் வச்சிக்கிறேன், அடுத்த கூட்டத்துக்குச் சுண்டல் பண்ணிக் கொண்டாறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் மறுநாளே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். எப்படிச் சமைப்பது என்று நானும் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாகச் சுண்டல் பண்ணுகிறவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு!

பாதிப் பாக்கெட்டை ஒரு ராத்திரி ஊற வைத்தேன். குக்கரில் ஆறு விசில். தண்ணீரை வடித்து, கடுகு, மிளகாய், தேங்காய் போட்டுத் தாளித்து, எவர்சில்வர் டப்பாவில் கூட்டத்துக்குக் கொண்டு போனேன். வாயில் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் துப்பினார்கள். "என்னடி இது, வேப்பங்கொட்டையா?" என்று ஒரு அக்கா திட்டினாள்.

ஒரே ஒருத்தர் மட்டும் துப்பவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பெரியம்மா. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "கசப்புன்னா சர்க்கரைக்கு நல்லதுடி. பாவக்கா திங்கலையா? வீணாக்காதீங்க" என்று ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டார்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். பெரியம்மாவுக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. "கண்ணு மங்கலா தெரியுது" என்றார். நெஞ்சு படபடவென்று அடித்தது. சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். 108-க்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாங்க?" நல்லவேளையாகப் பாக்கெட்டையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாட்டிலில் இருந்ததும் அதே கடலைதான், பாக்கெட்டில் இருந்ததும் அதே கடலைதான். ஒன்று தின்பண்டம், இன்னொன்று விஷம். எப்படி? இதுதான் இந்த மாதப் பாடம்.

இது என்ன கடலை?

அரபு நாட்டில் துர்முஸ் என்பார்கள். இத்தாலியில் லூப்பினி, போர்ச்சுகலில் த்ரெமோசு. ஆங்கிலத்தில் லூபின். அவரை, துவரை, மொச்சை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் செடிதான். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள எகிப்து, லெபனான், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் பழங்காலத்திலிருந்தே பயிராகிறது.

சத்தில்லாத மண்ணிலும் வளரும். நாம் கொளுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுவது போல, அந்த ஊர்களில் இந்தச் செடியை உழுது மண்ணுக்கு உரமாக்குவார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு கொலுமெல்லா என்ற ரோம நாட்டு வேளாண்மை எழுத்தாளரே, குறைந்த வேலையில் நிலத்துக்கு நல்லது செய்யும் பயிர் என்று இதைப் புகழ்ந்திருக்கிறார்.

இதன் தங்கச்சி மாதிரி இன்னொரு வகை, தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலையில் இருக்கிறது. அங்கே தார்வி என்றும் சோச்சோ என்றும் பெயர்.

கசப்புக்குக் காரணம் என்ன?

செடி ஆடு மாடு, பூச்சியிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் விதையில் கசப்பு நஞ்சைச் சேர்த்து வைக்கிறது. ஆல்கலாய்டு என்று சொல்வார்கள். லூபனைன், ஸ்பார்ட்டீன் என்பவை இந்தக் கடலையில் உள்ள ஆல்கலாய்டுகள். இவை உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் வாய் வறளும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், தலை சுற்றும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கழிக்க முடியாமல் போகும், மனம் குழம்பும். பெரியம்மாவுக்கு வந்தது இதுதான். குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

முக்கியமான ஒன்றை எல்லாரும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நஞ்சு நெருப்புக்குச் சாகாது. ஆறு விசில் இல்லை, அறுபது விசில் வைத்தாலும் போகாது. ஆனால் தண்ணீரில் கரையும். அதனால் தண்ணீரை மாற்றி மாற்றித்தான் இதை வெளியேற்ற முடியும். நான் வேக வைத்தேன், வடித்தேன். கழுவி எடுக்கக் காத்திருக்கவில்லை. அங்கேதான் தப்பு.

"கசப்பெல்லாம் மருந்து" என்ற எண்ணமும் தப்பு. பாகற்காயை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னார்கள். தெரியாத விதையின் கசப்பு மருந்தல்ல, 'என்னைத் தின்னாதே' என்று விதை கொடுக்கும் எச்சரிக்கை. வெளிநாடுகளிலும் சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி இந்தக் கடலை ஊறிய கசப்புத் தண்ணீரைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

இது நமக்குப் புதுசும் இல்லை. நம் மலைகளில் வாழும் பழங்குடி மக்கள் பூனைக்காலி விதையைத் திரும்பத் திரும்ப வேக வைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அந்தப் பொறுமைதான் இதற்கும்.

கசப்பை எடுக்கும் முறை

குவைத் போய் வந்த பெண்ணிடம் பிறகு போனில் கேட்டு, மீதியிருந்த அரை கிலோவை முறைப்படி செய்தோம். படிப்படியாகச் சொல்கிறேன்.

1. சொத்தை, உடைந்தது, கறுத்தது பொறுக்கி எடுத்துவிடுங்கள். நிறையத் தண்ணீரில் ஒரு பகல் ஒரு இரவு ஊற வையுங்கள். நன்றாக ஊதும், பெரிய பாத்திரமாக வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. புதுத் தண்ணீர் ஊற்றி, திறந்த பாத்திரத்தில் மிருதுவாகும் வரை வேக வையுங்கள். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கொண்டைக்கடலை மாதிரி குழையாது. வெந்த பிறகும் கடிக்கக் கெட்டியாகத்தான் இருக்கும். வெந்த தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

3. ஆறிய பிறகு நல்ல குடிதண்ணீரில் மூழ்கப் போடுங்கள். காலை, மதியம், ராத்திரி என்று தினம் மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். வெயில் காலத்தில் நாலு முறை. ஃப்ரிட்ஜ் இருந்தால் அதில் வைத்து மாற்றுவது இன்னும் நல்லது.

4. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு கடலையை மட்டும் கடித்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். எங்களுக்கு ஏழு நாள் ஆயிற்று. சில வகைக்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். ஒரு கடலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே, நடுவில், அடியில் என்று நாலைந்து எடுத்துப் பாருங்கள். ஒன்று கசந்தாலும் திரும்பத் தண்ணீர்தான்.

5. துளிக் கசப்பும் இல்லை என்ற பிறகே உப்பு. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் கடலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தின்றுவிடுங்கள்.

நடுவில் தண்ணீர் நுரைத்தாலோ, கடலை வழவழத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கொட்டும் தண்ணீரை ஆடு மாட்டுக்கு வைக்காதீர்கள். குளம், வாய்க்காலிலும் ஊற்ற வேண்டாம். ஆண்டீஸ் மலை விவசாயிகள் இந்தக் கசப்புத் தண்ணீரை ஆட்டு உண்ணிக்கும் பூச்சிக்கும் விரட்டியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்தந்த ஊரில் எப்படித் தின்கிறார்கள்?

எகிப்தில் நைல் நதிக்கரையில் தள்ளுவண்டியில் துர்முஸ் விற்பார்கள். எலுமிச்சம் பழம் பிழிந்து, சீரகத்தூள் தூவி, காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். நம்ம கடற்கரைச் சுண்டல் மாதிரிதான். வசந்த காலத்தில் வரும் ஷாம் எல் நெசீம் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வெளியே போய் உட்கார்ந்து கொறிப்பார்கள். இத்தாலியில் திருவிழாக் கடைகளில் விற்கும். போர்ச்சுகலில் கடையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் முன்னால் ஒரு சின்னத் தட்டில் இதுவும், தோல் போட இன்னொரு தட்டும் இருக்கும்.

பெரு நாட்டு மலை ஊர்களிலும் ஈக்வடாரிலும் பெண்கள் தெருவில் இதை விற்றுப் பிழைக்கிறார்கள். கசப்பு போன கடலையில் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி போட்டு, எலுமிச்சை பிழிந்து, வறுத்த மக்காச்சோளத்தோடு கொடுப்பார்கள். அங்கே கடலையைச் சாக்கில் கட்டி ஓடும் ஆற்றில் நாள்கணக்கில் போட்டு வைப்பது பழைய வழக்கம். ஓடுகிற தண்ணீர் தானாகக் கசப்பை எடுத்துப் போய்விடும். ஆனால் ஆறு அசுத்தமானால் கசப்பு போகிற இடத்தில் கிருமி வந்து சேரும். அதனால் சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்லி அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

சத்து எவ்வளவு?

இவ்வளவு பாடுபட்டு ஏன் தின்கிறார்கள் என்றால், புரதச்சத்துக்காகத்தான். காய்ந்த கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 36 கிராம் புரதம். ஆண்டீஸ் மலை வகையில் 40-க்கும் மேல். வேக வைத்தபின் 100 கிராமில் சுமார் 16 கிராம் இருக்கும். வேக வைத்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம்தான். மாவுச்சத்து மிகக் குறைவு, நார்ச்சத்து அதிகம். கறி வாங்க முடியாத ஏழைகளின் வயிற்றை இது காலம் காலமாகக் காத்திருக்கிறது.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, உப்புத்தண்ணீரில் கிடப்பதால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கழுவிவிட்டுக் கொஞ்சமாகத்தான் தின்ன வேண்டும். இரண்டு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். கசப்பு முழுக்கப் போனாலும் இந்த ஒவ்வாமை போகாது. இதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் பாக்கெட் உணவில் லூபின் இருந்தால் அதை அட்டையில் எழுத வேண்டும் என்று 2006-ல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

கசப்பு குறைந்த வகையும் உண்டு. ஜெர்மனியில் 1920-களில் விஞ்ஞானிகள் கசப்பு குறைந்த செடிகளைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் இப்போது பெருமளவு பயிராவது அந்த மாதிரி வகைதான். ஆனால் கடலையைக் கண்ணால் பார்த்து இது கசப்பு வகையா, இல்லையா என்று சொல்ல முடியாது. தெரியாத பாக்கெட் என்றால் கசப்பு வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைக் கடனில் போன வீடு

முறைப்படி செய்த கடலையைத் தின்றதும் எங்கள் குழுவில் ஒரு பேச்சு கிளம்பியது. "லோன் போட்டு மூட்டையா வரவழைச்சு, பாட்டில் போட்டு வித்தா என்ன?" அப்போது எங்கள் ஊக்குநர் தான் படித்த ஒரு கதையைச் சொன்னார்.

ஜொவான்னி வெர்கா என்ற இத்தாலிய எழுத்தாளர் 1881-ல் 'இ மாலவோல்யா' என்று ஒரு நாவல் எழுதினார். சிசிலித் தீவின் கரையில் ஒரு மீனவக் குடும்பம். வீட்டுப் பெரியவர் வட்டிக்காரரிடம் இதே லூப்பினிக் கடலையைக் கடனுக்கு வாங்கிப் படகில் ஏற்றி, வேறு ஊரில் விற்று வரச் சொல்லி மகனை அனுப்புகிறார். அந்தக் கடலையே கெட்டுப்போனது. புயலில் படகு கவிழ்ந்து மகனும் போனான், சரக்கும் போனது, கடன் மட்டும் நின்றது. மருமகளுக்கு அந்த வீட்டின் மேல் சீதன உரிமை இருந்தது. அதையும் விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கும்படி ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். கடைசியில் வீடும் போனது. பல வருஷம் கழித்துப் பேரன்தான் பாடுபட்டு அந்த வீட்டை மீட்டான்.

கதை கேட்டதும் கணக்கு நோட்டை எடுத்தோம். அரை கிலோவுக்கு ஒரு தடவை 3 லிட்டர், தினம் 3 தடவை, 7 நாள். மொத்தம் 63 லிட்டர் நல்ல தண்ணீர்! குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இது கட்டுமா? பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தால் போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நஞ்சு உண்டாகலாம். அதைத் தடுக்கச் சரியான அளவு புளிப்பும், சரியான சூட்டில் பதப்படுத்தும் வசதியும் வேண்டும். கசப்பு போய்விட்டதா என்று விற்பனைக்கு நாக்கை மட்டும் நம்ப முடியாது, பரிசோதனைக் கூடம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் லூபின் உணவு 1 கிலோவில் இந்த நஞ்சு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நம்மிடம் இல்லை. ஆகவே தொழில் வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஆனால் ஒரு நல்ல பழக்கம் வந்தது. இப்போது எங்கள் குழுவில் ஊறுகாயோ வற்றலோ எது செய்தாலும், எந்த நாள் ஊறியது, எந்த நாள் தண்ணீர் மாற்றியது, யார் ருசி பார்த்தது என்று நோட்டில் எழுதுகிறோம். வாங்குகிறவர் பாட்டிலைத்தான் பார்ப்பார். அதற்கு முன்னால் போன ஏழு நாளை அவர் பார்க்க மாட்டார். அந்த ஏழு நாளில் நாம் நாணயமாக இருந்தோமா என்பது நமக்குத்தான் தெரியும்.

பெரியம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறார். முறைப்படி செய்த கடலையைக் கூட்டத்தில் வைத்தபோது முதலில் நான் தின்றேன். பிறகு அவர் இரண்டே இரண்டு எடுத்துப் பிதுக்கி வாயில் போட்டார். "கசப்பு போனா இவ்வளவு நல்லா இருக்கே. இதுக்கா அன்னைக்கு அப்படி அவசரப்பட்ட?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நினைவில் வையுங்கள்

* தெரியாத விதை, கொட்டை எதுவானாலும் கொண்டு வந்தவரிடம் சமைக்கும் முறை கேட்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.
* கசந்தால் துப்புங்கள். மருந்து என்று விழுங்காதீர்கள்.
* சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பதில் எந்தக் கசப்பும் ஆகாது.
* வாய் வறண்டு, கண் மங்கி, படபடப்பு வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108. சாப்பிட்ட பொருளையும் பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் கசப்பையோ காறலையோ எடுத்துவிட்டுச் சமைக்கும் கிழங்கு, விதை, கீரை எவை? அந்த முறை தெரிந்த பாட்டிகள் யார் யார்? எழுதி வையுங்கள்.
2. வெளிநாட்டிலிருந்து வந்த உணவுப் பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைச் சமைக்கும் முறை தெரியுமா?
3. புதுத் தொழிலுக்குக் கடன் கேட்கும் முன் தண்ணீர், எரிபொருள், நாள்கணக்கு, பரிசோதனை நான்கையும் கணக்குப் போட்டீர்களா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நான் செய்த தப்பை இன்னொரு குழு செய்யாமல் இருந்தால், அதுவே எனக்குப் போதும்.